சேற்று நாட்டில் சேணம்

காவிரிப் படுகையைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் நெல் உண்டு, நீர் உண்டு, கோயில் உண்டு, யானைகூட உண்டு. குதிரை மட்டும் அரசர்களின் படைப் பட்டியலில் ஓர் எண்ணாக வந்து, அடுத்த வரியில் காணாமல் போய்விடுகிறது. மயிலாடுதுறையைச் சுற்றிய ஊர்களில் பிறந்து வளர்ந்த நமக்கு மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரியும். குதிரையின் அருகே எந்தப் பக்கமாகப் போய் நிற்பது என்பது தெரியாது. எங்கள் வட்டத்தில் இருவர் நாற்பது வயதைக் கடந்த பிறகு குதிரையேற்றம் பழகக் கிளம்பியபோது ஊரில் எழுந்த முதல் கேள்வி, "நமக்கும் குதிரைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்பதுதான். கேலியாகக் கேட்கப்பட்டதுதான் அது. ஆனாலும் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் அப்படிப்பட்ட கேள்வியைக் கேலியாகவே விட்டுவிட முடியுமா? தேடத் தொடங்கினோம்.

தேடல் முதலில் கொண்டுபோய் விட்ட இடம் அதிகத் தூரத்தில் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து 25 கி.மீ.க்குள் இருக்கும் பூம்புகார்தான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களை வரிசைப்படுத்தும்போது கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளையே முதலில் வைக்கிறது. மிளகும் பொன்னும் முத்தும் அதற்குப் பின்னர்தான். ஆக, நமக்கும் குதிரைக்குமான உறவு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதே சமயம் அந்த உறவின் தன்மையும் அந்த முதல் குறிப்பிலேயே தெரிந்துவிடுகிறது. குதிரை இங்கே பிறந்ததாகச் சொல்லப்படவில்லை. கப்பலிலிருந்து இறங்குகிறது. நெய்தல் பாடல்களின் தலைவன் கழிக்கரையில் தேர் ஓட்டி வருகிறான். அந்தத் தேரில் பூட்டிய குதிரையும் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்ததுதான்.

இறங்கிய குதிரைகள் என்ன ஆயின? இதற்கு விடை சொல்லும் சான்றுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் நமக்குக் கிடைக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய அரசனும் அவன் உடன்பிறந்தார் நால்வரும் ஆளுக்கு 2000 குதிரைகள் வீதம் ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்தார். சோழர் ஆட்சி 1279-இல் முடிந்து, நமது படுகையும் பாண்டியர் கையில் இருந்த காலம் அது. பாரசீக வரலாற்றாசிரியரான வஸ்ஸாஃப் கணக்கை இன்னும் நுட்பமாகத் தருகிறார். வளைகுடா வணிகரான ஜமாலுத்தீன், தமது சொந்த லாயங்களிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1400 குதிரைகளை மாபாருக்கு அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் அதே விலையைப் பாண்டியன் கருவூலமே தர வேண்டும்! வாங்குகிறவனை இப்படிக் கட்டிப்போட்ட வணிக ஒப்பந்தம் வரலாற்றில் வேறு எத்தனை இருக்குமோ தெரியவில்லை.

இந்தச் சாவுக்கு மார்க்கோ போலோ சொன்ன காரணம், இந்நாட்டு மக்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியாது என்பது. சோற்றோடு இறைச்சியைக் கலந்து ஊட்டுகிறார்கள் என்கிறார். வணிகர்களும் குதிரை வைத்தியர் எவரையும் இங்கே வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்களாம், குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! வணிகர்களைப் பற்றிய இந்த இரண்டாவது குற்றச்சாட்டை நம்புவதில் நமக்குத் தயக்கம் இல்லை. முதலாவதை அப்படியே ஏற்க முடியாது. சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் வருகிறார்கள். மலைமண்டலத்திலிருந்து வந்த குதிரைச் செட்டிகள் கோயில்களுக்குக் கொடை தந்து பெயர் பொறித்திருக்கிறார்கள். குதிரையின் நடைகளை ஐங்கதியாகப் பிரித்துப் பெயரிட்டு வைத்த மொழி நம்முடையது. அவற்றுள் ஒன்றுக்கு மயூரகதி என்று பெயர் என்பதை மாயூரத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவு கூர்ந்து பார்த்தவர்கள் அனைவரும் தீனி வைக்கத் தெரியாமல் இருந்தார்கள் என்பது பொருந்தவில்லை.

காரணம் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. குதிரை வறண்ட புல்வெளியின் விலங்கு. அதன் குளம்பு நாள் முழுவதும் ஈரத்தில் நின்றால் உள்ளுக்குள் அழுகும். வைக்கோலைத் தின்று அசைபோட்டுச் சத்தாக மாற்றும் வயிறு மாட்டுக்கு உண்டு, குதிரைக்கு இல்லை. கொள்ளோ மேட்டுநிலப் பயிர், நன்செய்க் காட்டில் விளையாது. இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு. இந்தியக் குதிரைக்காரர்கள் நெடுங்காலமாகக் 'கும்ரி' என்று அழைத்து வந்த நோய் அது. நன்றாக இருந்த குதிரை திடீரெனப் பின்னங்கால்களை இழுத்து நடக்கும். பிறகு இடுப்பு ஆடும். பிறகு விழும். மாட்டின் வயிற்றுக்குள் அதற்குத் தீங்கு செய்யாமல் வாழும் ஒருவகை நூற்புழு, கொசுவின் வழியாகக் குதிரையின் உடலுக்குள் போய், வழிதவறித் தண்டுவடத்துக்குள் ஊர்வதால் வரும் நோய் இது என்பதை 20-ஆம் நூற்றாண்டில்தான் கால்நடை மருத்துவம் கண்டறிந்தது. மாடும் கொசுவும் தேங்கிய நீரும் நிறைந்த நெல்நாட்டில் அரபுக் குதிரை எத்தகைய பொறிக்குள் வந்து நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். பாண்டியனின் லாயத்துச் சாவுகள் அனைத்துக்கும் இதுவே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் போலோவின் சோற்றுக் கதையைவிட இது வலுவான காரணம்.

இங்கே மாணிக்கவாசகர் கதையை நினைக்காமல் இருக்க முடியாது. குதிரை வாங்கப் பாண்டியன் தந்த பொன்னை அமைச்சர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வந்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இந்தக் கதைக்குள் 'கயிறு மாறுதல்' என்னும் வழக்கத்தையும் பதிந்து வைத்திருக்கிறது. விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்குக் கயிறு மாறிவிட்டால், அதன்பின் குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. நேற்றுக் கயிறு வாங்கினாய், இன்று நரி என்று முறையிடாதே! பக்திக் கதையாகவே நாம் இதைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் போலோவையும் வஸ்ஸாஃபையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகள் கண்முன்னே இல்லாமல் போனதைப் பார்த்த ஒரு நாட்டின் துயரமும் இந்தக் கதைக்குள் உறைந்திருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. குறிப்பு திருவாசகத்திலேயே இருப்பதால் கதை வஸ்ஸாஃபுக்கு மிக மூத்தது. துயரமும் அவ்வளவு மூத்ததாக இருக்கலாம்.

இனி நம் மாவட்டத்துக் குதிரைவீரர் ஒருவரைப் பார்ப்போம். சீர்காழிக்கு அருகே திருக்குறையலூரில் பிறந்து, சோழனிடம் படைத்தலைவராக இருந்து, திருமங்கை நாட்டை ஆண்டவர் திருமங்கையாழ்வார். அவர் குதிரைக்குப் பெயரே உண்டு, ஆடல்மா. நமது படுகையில் பெயர் சொல்லி நினைக்கப்படும் குதிரை வேறு எது? குமுதவல்லியை மணக்க நாள்தோறும் 1008 அடியவர்க்கு அமுது படைக்க ஒப்புக்கொண்டு, அரசனுக்குக் கட்ட வேண்டிய திறை அனைத்தும் தீர்ந்தபின், அவர் வழிப்பறியில் இறங்கினார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. மணக்கோலத்தில் வந்த திருமாலையே மறித்த இடம் திருமணங்கொல்லை. பங்குனியில் திருநகரியிலிருந்து ஆழ்வார் குதிரை வாகனத்தில் புறப்பட்டு, தீவட்டி வெளிச்சத்தில் வேடுபரி உற்சவம் நடப்பதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். மரக்குதிரைதான். சுமப்பவர்கள் முன்னும் பின்னும் ஓடி, வளைந்து, சட்டென்று நின்று, அந்த மரத்துக்குள் ஓர் உயிர்க்குதிரையின் பதற்றத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். திருவரங்கத்தில் இந்த ஓட்டத்துக்கு வையாளி என்று பெயர். அரசர்கள் குதிரையை நடைபழக்கும் பயிற்சிக்கும் அதற்கான வீதிக்கும் வழங்கிய சொல் அது. உண்மைக் குதிரை ஓய்ந்த பிறகு சொல் மட்டும் சீபாதம்தாங்கிகளின் கால்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆடல்மாவில் ஏறிய இதே ஆழ்வார்தான் சிறிய திருமடலையும் பெரிய திருமடலையும் பாடினார். மடல் என்றால் என்ன? பனைமட்டையால் கட்டிய குதிரை. காதலியை அடைய முடியாத ஆடவன் அதன்மேல் ஏறித் தெருவழியே இழுபட்டு வருவான். பெண் மடலேறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய மரபு. ஆழ்வாரோ பெண்ணாக நின்று, தென்மொழி மரபை ஏற்கமாட்டேன் என்று துணிந்து மடலேறுகிறார். தமிழின் தனிப்பெரும் குதிரையேற்றப் பாடல் மரபு, நிற்காத, நடக்காத, குருத்தும் முள்ளுமான ஒரு பொய்க்குதிரையைப் பற்றியது என்பதும், அதன் உச்சியைத் தொட்டவர் உண்மைக் குதிரைவீரர் என்பதும் எங்களுக்கு இன்றளவும் வியப்பாகவே இருக்கிறது.

போர்க்குதிரையின் கதையை விரைந்து கடந்துவிடலாம், அது எல்லா நூல்களிலும் இருக்கிறது. தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் காலத்து மண்டபத்தை இழுத்தபடி கற்குதிரைகள் நிற்கின்றன. நாயக்கர் வந்தார்கள், மராட்டியர் வந்தார்கள், அவர்களோடு குதிரைப்படையும் வந்தது. 1781-இல் ஹைதர் அலியின் குதிரைவீரர்கள் தஞ்சைச் சீமைக்குள் நுழைந்தபோது ஊர்கள் எரிந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன, மக்கள் காடுகளில் ஒளிந்தார்கள். 'ஐதர் கலாபம்' என்ற சொல் ஊர்ப் பேச்சில் நெடுநாள் நிலைத்திருந்தது. குளம்போசை என்றால் இந்தப் பக்கத்து உழவனுக்கு வரி அல்லது கொள்ளை. குதிரையை நேசிக்க அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சரி, படைக்காக அன்றி, வரிக்காக அன்றி, குதிரையைக் குதிரைக்காகவே விரும்பி, கற்று, வைத்துக்கொண்ட முதல் மனிதர் யார்? நாங்கள் ஒரு பெயரைச் சொல்லத் துணிகிறோம். தஞ்சை இரண்டாம் சரபோஜி.

அவர் இளமையைப் பார்த்தால் இது வியப்பைத் தரும். 1777-இல் பிறந்தவர். 1787-இல் துளஜாஜி அவரைத் தத்தெடுத்துவிட்டு இறந்துபோகிறார். அரியணையில் அமர்சிங் ஏறுகிறார். சிறுவன் அரண்மனைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். வெளிச்சமும் விளையாட்டும் கல்வியும் மறுக்கப்பட்ட அந்தப் பிள்ளைக்காகக் கும்பினியிடம் திரும்பத் திரும்ப முறையிட்டவர், தரங்கம்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். 1793-இல் சரபோஜி சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அரசகுமாரன் ஒருவன் சேணத்தில் அமர்ந்து வாள் பழகவேண்டிய பருவம் முழுவதும் சுவர்களுக்குள் கழிந்திருந்தது. 1798-இல் அவர் பட்டமேறினார். மறு ஆண்டே, 1799-இல், ஆட்சி முழுவதையும் கும்பினிக்கு எழுதிக் கொடுத்து, கோட்டையையும் ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையும் பெற்றுக்கொண்டார். படை இல்லை, எல்லை இல்லை, போர் இல்லை. இனி அவருடைய குதிரைக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை!

மேலும் 27 ஆண்டுகள் கழித்து, 1826 மார்ச்சில், கல்கத்தாப் பேராயர் ஹீபர் தஞ்சைக்கு வந்து சில நாள் தங்கினார். அவர் எழுதிய கடிதம் ஒன்றில் இந்த அரசரைப் பற்றி வியந்து தள்ளுகிறார். லவாய்சியரையும் லின்னேயஸையும் பூஃபோனையும் சரளமாக எடுத்துச் சொல்கிறார், ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பைரனைவிடச் சரியான கருத்து வைத்திருக்கிறார், ஆங்கிலத்தில் கவிதையும் எழுதுகிறார் என்றெல்லாம் அடுக்கிவிட்டு, அதே மூச்சில், குதிரையின் தரத்தை மதிப்பிடுவதில் தேர்ந்தவர் என்று சுற்றுவட்டத்து ஆங்கில அதிகாரிகள் இவரை மதிக்கிறார்கள் என்று சேர்க்கிறார். (அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 3-ஆம் தேதி, ஹீபர் திருச்சியில் இறந்துபோனார்.) குதிரைமேல் வளர்ந்த ஆங்கிலப் படை அதிகாரிகள், பதின்பருவம் வரை அறைக்குள் கிடந்த ஒருவரைக் குதிரை விஷயத்தில் மதித்தார்கள் என்றால் அது பிறப்பால் வந்த மதிப்பு ஆகாது. வளர்ந்தபின் கற்றது.

எப்படிக் கற்றிருப்பார் என்பதற்குச் சரஸ்வதி மகாலே சாட்சி. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம், வண்ணப் படங்களோடு அங்கே இருக்கிறது. 1952-இல் அச்சிலும் வந்தது. நிறம், சுழி, அங்க இலக்கணம், குணம் என்று குதிரையை ஓர் ஏடுபோல் படிக்கச் சொல்லித்தரும் நூல் அது. சரபோஜி நிறுவிய தன்வந்திரி மகாலில் மனிதருக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்து ஆராயப்பட்டது. ஒரு பக்கம் சுழி பார்க்கும் சாஸ்திரம், மறு பக்கம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை நூல்கள், நடுவில் லாயத்தில் நிற்கும் உயிருள்ள குதிரை. ஆட்சியைப் பறிகொடுத்த அரசர் ஒருவர் அறிவால் ஆள எடுத்துக்கொண்ட சிறு நாடு என்று அந்த லாயத்தைச் சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறோம். ஆனால் புகழ்ச்சியோடு நிறுத்திவிடவும் கூடாது. அந்த லாயத்தின் கொள்ளுக்கும் ஏடுகளுக்கும் பணம் கொடுத்தது படுகையின் நெல். அதை விளைவித்த பண்ணையாள், சேணத்தைத் தொட வேண்டாம், மிராசுதாரின் வில்வண்டி வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

அப்படி ஒதுங்கியவர்கள் குதிரையை விட்டுவிடவும் இல்லை. ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைத்தார்கள். ஊரார் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் வேளார் குதிரை வனையத் தொடங்குவார். அதாவது ஊர் மண்ணே குதிரையாகிறது. புதுக்கோட்டைச் சீமையில் குளமங்கலத்தில் நிற்கும் பிரம்மாண்டமான குதிரையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசையின் உயரம் விளங்கும். தான் ஏற முடியாததைத் தன் சாமியை ஏறவைத்துப் பார்த்த ஆசை அது. பிறகு மராட்டியர் காலத்தில் தஞ்சையில் வேரூன்றியதாகக் கருதப்படும் பொய்க்கால் குதிரை வந்தது. மூங்கிலும் துணியும் காகிதமும் கொண்டு செய்த கூட்டை இடுப்பில் மாட்டி, மரக்கால்களில் நின்று, நையாண்டி மேளத்துக்கு ஆடும் கலைஞன், மேலே ராஜா, கீழே குதிரை. இரண்டும் அவனே. வேடுபரியில் கண்டதுதான் இங்கும், குதிரைக்குக் கால் கொடுப்பவன் மனிதன். ராஜா தேசிங்கின் கதைப்பாடல் சந்தைகளில் விற்றுத் தீர்ந்ததும் இந்த ஆசைக்காரர்களிடம்தான். தில்லிப் பாதுஷாவின் லாயத்தில் எவரும் அடக்க முடியாத பாராசாரியை ஓர் இளைஞன் வந்து ஏறி அடக்கினான் என்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்! செஞ்சியில் அவன் மாண்டது 1714-இல். கதைக்குச் சாவே இல்லை.

ரயில் வந்தபின் முதல்முறையாகக் குதிரை ஏழையின் கைக்கு வந்தது. ஜட்கா வண்டி. மாயவரம் சந்திப்பு வாசலில் வரிசையாக நின்ற மட்டக்குதிரைகளைப் பற்றி இன்றைய முதியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். வண்டிக்குள் புல்லைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். அந்தப் புல்தான் குதிரைக்கு மாலைத் தீனி. பாரம் பின்னால் சாய்ந்தால் குதிரை அந்தரத்தில் தொங்கும் என்பதால், "இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளி உட்காருங்க" என்ற வண்டிக்காரரின் குரல் பயணம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்குமாம். 1926-இல் தொடங்கிய தரங்கம்பாடி ரயில்பாதை 1986-இல் மூடப்பட்டது. ஜட்காக்கள் அதற்கு முன்பே ஆட்டோக்களுக்கு இடம்விட்டு மறைந்திருந்தன. மீந்த வேகமெல்லாம் காணும் பொங்கலில் திருக்கடையூர்ச் சாலையில் நடந்த ரேக்ளா பந்தயங்களில்தான் ஓடியது. புத்தமங்கலத்தில் பிறந்து மாயவரத்துப் பள்ளியில் படித்த கல்கி, வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரையேற்றி அனுப்பினார். தமிழ் உரைநடையின் மிகப் புகழ்பெற்ற குதிரைவீரனும் நமது ஊர்ப்பக்கத்துப் படைப்புதான்! அவன் கோடிக்கரைக்குப் போனதும் சேற்றுப் பள்ளத்தில் சிக்குகிறான் என்பதில், இந்த மண்ணை அறிந்த ஆசிரியரின் கை தெரிகிறது.

இப்போது நம் நண்பர்களிடம் வருவோம். பழக்கியவர் படையில் குதிரைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் ஏறவே விடவில்லை. குதிரைக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் பார்வை கிடையாது, தோளுக்குப் பக்கமாகப் பேசிக்கொண்டே வா, இடப்புறமிருந்து ஏறு என்றார். இடையில் வாள் தொங்கிய காலத்து வழக்கம் அந்த இடப்புறம். வாள் போய் நூறாண்டாகியும் வழக்கம் போகவில்லை. நாற்பது வயது உடம்பில் இடுப்பு இறுகிவிடுகிறது, அச்சமும் கூடிவிடுகிறது. சிறுவன் விழுந்தால் எழுந்து ஓடுவான், குடும்பஸ்தன் விழுமுன்னே மருத்துவச் செலவைக் கணக்கிடுகிறான். அந்தக் கணக்கைக் குதிரை எப்படியோ முதுகின் வழியாகப் படித்துவிடுகிறது என்கிறார்கள் இருவரும். துள்ளுநடையில் குதிரையின் தாளத்துக்கு எழுந்து அமரக் கற்கவே ஒருவருக்கு மூன்று மாதம் ஆனது.

அவரே பின்னர் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய், உள்வளைந்த காதுகளோடு மார்வாரிச் சாயல் கொண்ட பெண்குதிரை ஒன்றை வாங்கினார். சுழி பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள், கடைசியில் கயிறு மாறியது. பரஞ்சோதியைப் படித்திருந்த நண்பருக்கு அந்தக் கணத்தில் நரி நினைவு வந்ததாம்! குத்தாலத்துக்கு அருகே தோப்பில் கொட்டகை போட்டார். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, முதலில் சொன்னது தீனியைப் பற்றி இல்லை. "மாட்டுக் கொட்டகையிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், கொசுவலை போடுங்கள், தரையை ஒரு முழம் உயர்த்துங்கள், புழுநீக்க மருந்தைத் தவறவிடாதீர்கள்." பாண்டியனுக்கு எவரும் சொல்லாத நான்கு வாக்கியங்கள். ஐப்பசி மழையில் நாளுக்கு இருமுறை குளம்பைத் தோண்டித் துடைத்து உலர்த்துவது நண்பரின் வேலையாயிற்று. ஏறுவது அரைமணி, ஊழியம் நான்கு மணி. குதிரை வைத்திருப்பதன் உண்மையான விகிதம் அதுதான் என்கிறார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் முதியவர் ஒருவர், ஆயுள் முழுவதும் நடவு வயலில் கழித்தவர், பல நாள் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் கேட்டார்: "ஒரு தடவ நானும் ஏறிப் பார்க்கட்டுங்களா?" ஏற்றிவிட்டார்கள். நண்பர் மூன்று மாதம் பாடுபட்டுக் கற்ற நிமிர்ந்த முதுகும் தளர்ந்த இடுப்பும் அவருக்கு ஏறியவுடன் இருந்தன. கேட்டால், சின்ன வயதில் எருமை மேய்க்கும்போது நாளெல்லாம் அதன் முதுகில்தானே கிடந்தோம் என்கிறார்! சங்கப் பாடல்களிலேயே எருமை முதுகில் வரும் மருதநிலச் சிறுவர்கள் உண்டு. படுகையில் ஏறத் தெரிந்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் குதிரைதான் இல்லை, அது அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. முதியவர் தோப்பை இரண்டு சுற்று வந்தார். இறங்கியபின் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். மறுநாளிலிருந்து புல்லுக்கட்டு அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது, காசுக்குத்தான்.

குதிரை இந்த மண்ணில் நிற்காது என்று இன்னும் சொல்பவர்கள் படுகையின் தென்கோடிக்கு, கோடியக்கரைக்கு, ஒருமுறை போய்வரலாம். 1967-இல் வெளிமான்களுக்காக அமைக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில், மனிதர் கைவிட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. உப்பங்காற்றில், மணலும் புதருமான மேட்டில், யாரும் கொள்ளு வைக்காமல், யாரும் சுழி பார்க்காமல் தலைமுறை தலைமுறையாக ஈன்று வளர்கின்றன. உருவம் சிறியது, அரபுக் குதிரையின் மிடுக்கு இல்லை. மான்களுக்கான புல்லை இவை மேய்ந்துவிடுகின்றன என்று காட்டுயிர் ஆய்வாளர்களுக்குக் கவலை உண்டு, அது நியாயமான கவலையே. நாங்கள் போனபோது மழைநீர் தேங்கிய பள்ளத்தில் ஒரு தாயும் குட்டியும் முழங்கால் அளவு நீரில் நின்று புல் கடித்துக்கொண்டிருந்தன. நண்பர் இருவரும் பழக்கத்தில் தோள்பக்கமாக நடந்து நெருங்கினார்கள். இருபதடி இருக்கும்போதே தாய் காதை மடித்தது. குட்டியை முன்னே விட்டு, சேற்றைத் தெறித்தபடி புதருக்குள் போய்விட்டது.